எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்ற கார்

(கோடை விடுமுறையை ஒட்டிப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குழந்தைகள் விளையாடும் ஒரு கார் பந்தய வீடியோ கேமைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இலக்கியத்துக்கும் திரைப்படத்துக்கும் நாம் கொடுக்கிற கவனத்தில் ஒரு பங்கையாவது இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு படத்தை நம் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் பார்க்கிறார்கள். அந்தப் படத்தை ஒட்டி வந்த விளையாட்டோடு பல வாரங்கள் வாழ்கிறார்கள். கதையில் அவர்கள் பார்த்ததை விளையாட்டில் தம் கையால் செய்கிறார்கள். கையால் செய்தது மனதில் ஆழமாகத் தங்கும்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது பிக்ஸார் நிறுவனத்தின் 'கார்ஸ்' படத்தையும் அதிலிருந்து பிறந்த பந்தய விளையாட்டுகளையும். இவற்றுக்குள் ஒரு பெரிய முரண் இருக்கிறது. படத்தின் நாயகன் வெற்றியைக் கைவிடுகிறவன். பந்தய விளையாட்டோ வெற்றியின் மேலேயே கட்டப்பட்டது. இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் எப்படிக் குடியிருக்க முடியும்? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்விக்கான விடைதான்.

தோற்றவன் நாயகனான கதை

ஜான் லாசெட்டர் இயக்கிய 'கார்ஸ்' 2006 ஜூன் 9 அன்று அமெரிக்காவில் வெளியானது. மனிதர்களே இல்லாத உலகம் அது; கார்கள்தான் பேசுகின்றன, கோபப்படுகின்றன, காதலிக்கின்றன. லைட்னிங் மெக்வீன் ஓர் இளம் பந்தயக் கார். வேகம் உண்டு, பணிவு இல்லை. பிஸ்டன் கப் என்ற போட்டியின் இறுதிப் பந்தயத்துக்காகக் கலிபோர்னியா போகிற வழியில் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் மாட்டிக்கொள்கிறான். அந்த ஊரின் சாலையைப் பெயர்த்துப் பாழாக்கியதற்குத் தண்டனையாக, அந்தச் சாலையை அவனே திரும்பப் போட வேண்டியிருக்கிறது. அங்கேதான் டாக் ஹட்சன் என்ற முதியவரையும், மேட்டர் என்ற துருப்பிடித்த இழுவை வண்டியையும், சாலி என்ற காரையும் சந்திக்கிறான்.

கடைசிப் பந்தயம். மூன்று கார்கள் போட்டியிடுகின்றன. மெக்வீன் முன்னணியில் இருக்கிறான். பின்னால் சிக் ஹிக்ஸ், ஓய்வு பெறப்போகிற மூத்த வீரரான கிங்கை வேண்டுமென்றே இடித்து உருட்டிவிடுகிறான். மெக்வீன் அதைப் பார்க்கிறான். எல்லைக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் போட்டு நிற்கிறான். சிக் அவனைக் கடந்து கோப்பையை எடுத்துக்கொள்கிறான். மெக்வீன் திரும்பிப் போய், நொறுங்கிக் கிடக்கும் கிங்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறான். ஒரு மூத்தவர் தம் கடைசிப் பந்தயத்தை முடிக்காமல் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வேறு காரணம் இல்லை.

கிங்குக்குக் குரல் கொடுத்தவர் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய உலகத்தின் உண்மையான பேரரசர், ரிச்சர்ட் பெட்டி. அந்தக் காரின் நீல நிறமும் 43 என்ற எண்ணும் அவருடைய சொந்தப் பந்தயக் காரிலிருந்து வந்தவை. டாக் ஹட்சனுக்குக் குரல் கொடுத்த நடிகர் பால் நியூமன் 1979-இல் பிரான்சின் 'லெ மான்ஸ் 24 மணி நேர'ப் பந்தயத்தில் ஓட்டியவர். அவருடைய அணி இரண்டாம் இடம் பிடித்தது. வேகத்தின் சுகத்தை அறிந்தவர்களே இந்தக் கதைக்குக் குரல் தந்தார்கள். அதனால்தான் மெக்வீனின் அந்த நிறுத்தத்துக்கு அவ்வளவு எடை.

விளையாட்டின் விதி வேறு

இந்தக் கதையை விளையாட்டாக மாற்றுகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பந்தய விளையாட்டில் எல்லைக்கோடுதான் எல்லாம். கோட்டுக்கு முன்னால் நின்றால் கணினி உங்களை மூன்றாமவர், நான்காமவர் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அதற்குக் கருணை தெரியாது. படம் உச்சத்தில் சொன்ன செய்தியை விளையாட்டின் விதி ஒரே நொடியில் அழித்துவிடக்கூடும்.

இதோடு இன்னொரு சுமையும் இருந்தது. படங்களை ஒட்டி வரும் விளையாட்டுகளுக்கு நெடுங்காலமாகக் கெட்ட பெயர். 1982-இல் 'ஈ.டி.' படத்துக்கான விளையாட்டை அட்டாரி நிறுவனம் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் செய்து முடிக்கச் சொன்னது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கடைக்கு வர வேண்டும் என்ற அவசரம். விற்காமல் தேங்கிய பெட்டிகள் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைக்கப்பட்டன. 2014-இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள். படம் வெளியாகும் நாள்தான் விளையாட்டுக்கும் கெடு. படத்துக்குத் தள்ளிவைக்கும் உரிமை உண்டு. விளையாட்டுக்கு அது இல்லை.

'கார்ஸ்' படம் முதலில் 2005 நவம்பரில் வருவதாக இருந்து 2006 ஜூனுக்குத் தள்ளிப்போனது. விளையாட்டு படத்துக்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 6 அன்று கடைக்கு வந்தது. வெளியிட்டது டி.ஹெச்.க்யூ. நிறுவனம். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், கணினி ஆகியவற்றுக்கு அதை உருவாக்கியது அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்த ரெயின்போ ஸ்டுடியோஸ்.

அரிசோனா என்ற பெயர் இங்கே முக்கியம். படத்தின் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் கற்பனை ஊர்தான். ஆனால் அதன் மண் உண்மையானது. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை 1926-இல் வகுக்கப்பட்ட 66-ஆம் எண் நெடுஞ்சாலை அரிசோனாவின் செம்மண் பாறைகளுக்கிடையே ஓடியது. பிறகு அகலமான விரைவுச் சாலைகள் வந்தன. 1978 செப்டம்பரில் அரிசோனாவின் செலிக்மன் என்ற சிற்றூரை ஒதுக்கிவிட்டு விரைவுச் சாலை வேறு பக்கம் போனது. முந்தின நாள்வரை ஊருக்குள் ஓடிய வண்டிகள் மறுநாள் இல்லை. ஊரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடியோ உள்ளிட்டோர் 1987-இல் சங்கம் அமைத்து அந்தப் பழைய சாலைக்கு வரலாற்றுத் தகுதி பெற்றுத் தந்தார்கள். படக்குழு அந்தச் சாலையில் பயணம் செய்தது. வழிகாட்டியவர் அதன் வரலாற்றை எழுதிய மைக்கேல் வாலிஸ். படத்தில் ஊர் ஷெரிஃபின் குரலும் அவருடையதே.

ரெயின்போ ஸ்டுடியோஸ் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். 'மோட்டோகிராஸ் மேட்னஸ்' போன்ற மண்தட மோட்டார்சைக்கிள் விளையாட்டுகளால் பெயர் பெற்றவர்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் எப்படித் துள்ளும், புழுதியில் வண்டி எப்படி வழுக்கும் என்பதைக் கணக்காக எழுதத் தெரிந்தவர்கள். விளையாட்டைத் தார்த் தடத்தோடு முடித்துக்கொள்ளாமல் மண்ணுக்கு இறக்கியது அவர்கள் செய்த நல்ல காரியம்.

ஓர் ஊரைக் கொடுத்தது

2006 விளையாட்டின் கதை, படம் முடிந்த பிறகு தொடங்குகிறது. மெக்வீன் இப்போது ஊர்க்காரன். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவே பிள்ளைகள் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸையும் சுற்றுப்புறத்தையும் தம் விருப்பம்போல் ஓட்டித் திரியலாம். கடிகாரம் ஓடாது. எதிராளி இல்லை. மேட்டரோடு இரவில் போய் டிராக்டர்களைச் சாய்க்கலாம். காவலுக்கு வரும் பெரிய அறுவடை இயந்திரத்தின் வெளிச்சத்தில் படாமல் தப்ப வேண்டும். ஷெரிஃபாக மாறி, வேக வரம்பை மீறும் வண்டிகளை விரட்டிப் பிடிக்கலாம்.

நம் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. தடம் என்பது ஓடி முடிப்பதற்கானது. ஊர் என்பது இருப்பதற்கானது. படத்தில் மெக்வீன் மாறியதற்குக் காரணம் யாருடைய உபதேசமும் இல்லை. அந்த ஊரில் அவன் நாள்கணக்கில் இருந்ததுதான். விளையாட்டும் பிள்ளைகளுக்கு முதலில் இருப்பதற்கு ஓர் இடம் கொடுத்தது. சும்மா ஓட்டித் திரிகிற குழந்தையைப் பார்த்து, 'பந்தயத்துக்குப் போகாமல் நேரத்தை வீணடிக்கிறாயே' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தப் படத்தின் சாரத்தை அவன் அப்போதுதான் வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

படத்தில் டாக் சொல்லித்தரும் மண் திருப்பமும் விளையாட்டுக்குள் வந்தது. இறுகாத மண்ணில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வெளிப்பக்கம் வீசும். அப்போது திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் முன்சக்கரங்களைத் திருப்பினால்தான் கார் சுழலாமல் வளைவைச் சறுக்கிக் கடக்கும். டாக்கின் உருவமான ஹட்சன் ஹார்னெட், 1950-களின் தொடக்கத்தில் ஸ்டாக் கார் பந்தயங்களை ஆண்ட உண்மையான கார். அந்தக் காலத்தில் பந்தயங்கள் பெரும்பாலும் மண்ணில்தான் நடந்தன. டேடோனா நகரில்கூட 1958 வரை தடத்தில் பாதி கடற்கரை மணலாக இருந்தது; 1959-இல்தான் அங்கே பெரிய தார்த் தடம் திறந்தது. தார் வந்ததும் மறைந்துபோன ஒரு கைத்திறனை முதியவர் இளைஞனுக்குக் கொடுக்கிறார். மெக்வீன் முதல் முறை செய்தபோது பள்ளத்தில் விழுந்து கள்ளிச்செடியில் சிக்கினான். நம் பிள்ளைகளும் அதே சறுக்கல் திருப்பத்தைத் தவறித் தவறித்தான் கற்கிறார்கள். ஒரு காட்சி கைப்பழக்கமாக மாறுகிறது. விளையாட்டு என்ற கலைக்கு மட்டுமே உரிய ஆற்றல் இது.

முகம் காட்டாத நாயகன்

ஒரு நுட்பமான சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பிக்ஸார் தன் கார்களுக்குக் கண்களை முகப்பு விளக்குகளில் வைக்கவில்லை, முன்கண்ணாடியில் வைத்தது. அதனால் முகம் விரிந்தது, நடிப்பு கூடியது. ஆனால் பந்தய விளையாட்டில் நாம் எப்போதும் காரின் முதுகைத்தான் பார்க்கிறோம். படம் முழுக்க முகத்தால் நடித்த ஒரு பாத்திரம், விளையாட்டில் முகமே காட்டாமல் ஓடுகிறது.

விளையாட்டை உருவாக்கியவர்கள் உடலை நடிக்கவிட்டார்கள். காரைத் துள்ளச் செய்தார்கள், சாயச் செய்தார்கள், ஓடும்போதே பேசச் செய்தார்கள். 2006 விளையாட்டில் மெக்வீனாக ஓவன் வில்சனும், டாக்காக பால் நியூமனும், மேட்டராக லேரி த கேபிள் கையும் தாங்களே பேசினார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கும் தயாரிப்பில் குரல் போலிகளைப் போடுவது வழக்கம். இங்கே குழந்தை படத்தில் கேட்ட குரலே கூடத்தில் ஒலித்தது.

பின்னால் வந்த விளையாட்டுகளில் இதைவிட அழகான தீர்வு பிறந்தது. மேட்டர் படத்தில் தன்னைத் தேர்ந்த 'ரிவர்ஸ்' ஓட்டுநர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வான். 2011-இல் வந்த 'கார்ஸ் 2', 2017-இல் வந்த 'கார்ஸ் 3: டிரிவன் டு வின்' ஆகிய விளையாட்டுகளில் ஓடிக்கொண்டே காரைப் பின்பக்கமாகத் திருப்பி ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது காரின் முகம் நம்மை நோக்கித் திரும்புகிறது. ஒரு பாத்திரத்தின் குணம், ஓட்டும் திறன், முகம் பார்க்கும் மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் ஒரே அசைவில் சேர்த்துவிட்டார்கள். நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

முடிவுக்கு மட்டும் பரிசு இல்லை

'கார்ஸ் 3' விளையாட்டை உருவாக்கிய அவலாஞ்ச் சாஃப்ட்வேர், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்தது. டிஸ்னி தன் வீடியோ கேம் தயாரிப்பை நிறுத்தியபோது 2016 மே மாதம் இந்த ஸ்டுடியோ மூடப்பட்டது. 2017 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் அதை வாங்கி மீண்டும் திறந்தது. திறந்ததும் அவர்கள் முதலில் தந்தது 'டிரிவன் டு வின்'. அந்த ஜூன் மாதமே வெளியானது. ஓரங்கட்டப்பட்ட ஒரு பந்தய வீரன் திரும்பி வரும் கதையை, ஓரங்கட்டப்பட்டுத் திரும்பி வந்தவர்களே விளையாட்டாகச் செய்தார்கள். அதே ஸ்டுடியோதான் 2023-இல் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' என்ற விளையாட்டைத் தந்தது. குழந்தைகளுக்கான வேலையை அரைமனதோடு செய்கிறவர்கள் இவர்கள் அல்லர்.

'டிரிவன் டு வின்' விளையாட்டின் அடிப்படை விதியைக் கவனியுங்கள். பூஸ்ட் என்ற கூடுதல் வேகத்தை ஓட்டுகிற விதத்தால் சம்பாதிக்க வேண்டும். வளைவில் சறுக்கினால் அளவுமானி நிறையும். இரண்டு சக்கரத்தில் ஓட்டினால் நிறையும். பின்பக்கமாக ஓட்டினால் நிறையும். காற்றில் கரணம் போட்டால் நிறையும். பந்தயம் மட்டுமல்லாமல் சாகசம் செய்து புள்ளி சேர்க்கும் போட்டியும், போட்டியே இல்லாத திறந்த மைதானமும் உண்டு. எத்தனை தூரம் சறுக்கினீர்கள், எத்தனை முறை துள்ளினீர்கள் என்ற கணக்கும் திறன் பட்டியலில் தனியாக ஏறிக்கொண்டே இருக்கும். எட்டாவதாக வந்த குழந்தைக்கும் அன்று ஏதோ ஒன்று கைவந்திருக்கிறது. விளையாட்டு அதைப் பார்த்துச் சொல்கிறது.

இது நம் கேள்விக்கு இரண்டாவது விடை. 'கார்ஸ் 3' படத்தின் கதையில் மெக்வீன் இறுதிப் பந்தயத்தின் நடுவே தானாக விலகி, க்ரூஸ் ராமிரெஸ் என்ற பயிற்சியாளப் பெண்ணைத் தன் இடத்தில் ஓடவிடுகிறான். முதல் படத்தில் ஒரு மூத்தவருக்காக நின்றவன், மூன்றாம் படத்தில் ஓர் இளையவளுக்காக நிற்கிறான். விளையாட்டால் அந்தத் துறவைச் செய்துகாட்ட முடியவில்லை. ஆனால் முதலிடத்துக்கு அப்பால் மதிப்புள்ளவை நிறைய உண்டு என்பதை அதன் விதியிலேயே எழுதி வைத்தது.

'கார்ஸ் 2' இந்த விஷயத்தில் எனக்கு நிறைவு தரவில்லை. அந்தப் படமே உளவாளிக் கதை. விளையாட்டும் முன்னால் போகிறவரை ஆயுதத்தால் தாக்கி வீழ்த்தும் திசையில் போனது. நான்கு பேர் ஒரே திரையில் கூடி விளையாட வழி செய்தது அதன் பெருமை. ஆனால் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸின் நிதானம் அதில் இல்லை.

சமமில்லாத கைகள்

குடும்ப விளையாட்டு என்று பெட்டியில் எழுதியிருப்பதை எதை வைத்து நம்புவது? அமெரிக்காவில் 1994 முதல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரவரிசை உண்டு. எந்த வயதுக்கு ஏற்றது, ரத்தமோ கெட்ட வார்த்தையோ உண்டா என்று அது சொல்லும். எதற்குக் கவனம் தேவை என்று சொல்லுமே தவிர, எது இருக்க வேண்டும் என்று சொல்லாது. இருக்க வேண்டியது, சமமில்லாத கைகள் ஒன்றாக உட்கார இடம். ஆறு வயதுத் தங்கையும் பதின்மூன்று வயது அண்ணனும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே பந்தயத்தில் இருக்க வேண்டும்.

இதற்குப் பல உத்திகள் உண்டு. பின்தங்கியவருக்கு வலிமையான பொருள்களைக் கொடுப்பது 'மரியோ கார்ட்' விளையாட்டின் வழி. எல்லோரும் அறிந்த விதி என்பதால் அதில் வஞ்சனை இல்லை. இன்னொரு உத்தி, நீங்கள் பின்தங்கினால் கணினி ஓட்டும் கார்கள் ரகசியமாக வேகத்தைக் குறைப்பதும், முந்தினால் ரகசியமாகத் துரத்துவதும். குழந்தைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். தன் வெற்றி தனக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்த குழந்தையின் முகம் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையை ஏமாற்றித் தரும் மகிழ்ச்சி நிலைக்காது.

திரையைப் பிரித்து விளையாடும் வசதிக்கும் விலை உண்டு. நொடிக்கு 30 படங்கள் காட்ட வேண்டுமானால் ஒரு படத்தை வரைய இயந்திரத்துக்குக் கிடைப்பது 33 மில்லிவினாடி. இரண்டு பேர் விளையாடினால் அதே நேரத்துக்குள் அந்த உலகத்தை இரண்டு கோணத்தில் வரைய வேண்டும். அழகு குறையும், உழைப்பு கூடும். அதனாலேயே பெரிய விளையாட்டுகள் பல இதைக் கைவிட்டன. 2015-இல் வந்த 'ஹேலோ 5' அதற்குப் பேர்போன உதாரணம். குடும்ப விளையாட்டுகள்தான் இதை விடாமல் காத்தன. ஒரே கூடத்தில், ஒரே பாயில், தோள் உரச உட்கார்ந்து விளையாடும் வழி அவற்றால்தான் இன்றும் இருக்கிறது.

விதியில் எழுத முடியாதது

இப்போது தொடக்கக் கேள்வியின் அடிப்பகுதிக்கு வருகிறேன். எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்று இன்னொருவரைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஆயிரம் புள்ளி என்று ஒரு விதி எழுதினால் என்ன? எழுதலாம். ஆனால் எழுதிய கணமே அது இன்னொரு வெற்றியாகிவிடும். மெக்வீன் நின்றபோது அவனுக்கு யாரும் புள்ளி தருவதாகச் சொல்லவில்லை. கோப்பை போய்விடும் என்று தெரிந்தே நின்றான். பரிசு அறிவிக்கப்பட்ட தியாகம் தியாகமாகாது. எனவே எவ்வளவு சிறந்த விளையாட்டாக இருந்தாலும் இந்த ஒன்றை அதற்குள் வைக்க முடியாது. அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடமிருந்துதான் வர வேண்டும்.

பிரித்த திரையின் அருமை இங்கேதான் தெரிகிறது. தங்கை பள்ளத்தில் சிக்கிக்கொண்டாள். அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான். அவன் காரைத் திருப்பிக்கொண்டு வந்து, 'என் பின்னாலேயே வா, இந்த வளைவில் இப்படித் திருப்பு' என்று காட்டித் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு அவனுக்குக் கடைசி இடம்தான் கொடுக்கும். படம் சொன்னதை அவன் செய்துவிட்டான். மறைத்துத் தோற்பது வேறு, வெளிப்படையாக நின்று கை கொடுப்பது வேறு. மெக்வீன் மறைவாகத் தோற்கவில்லை. எல்லோர் கண்ணெதிரே நின்றான். நாமும் குழந்தைகளுக்காகப் பொய்யாகத் தோற்க வேண்டாம். நேர்மையாக ஓட்டுவோம், உதவ வேண்டிய இடத்தில் எல்லோரும் பார்க்க நிற்போம்.

பெற்றோர்களே, விளையாட்டு வாங்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். இரண்டு பேராவது சேர்ந்து உட்கார முடியுமா? தோற்றவருக்கும் கற்றுக்கொள்ள ஏதாவது மிஞ்சுகிறதா? இயந்திரம் குழந்தையிடம் நேர்மையாக நடக்கிறதா? பாதி வழியில் பணம் கேட்கிறதா? இலவசம் என்று கைபேசியில் இறங்கும் பல விளையாட்டுகள் கடைசிக் கேள்வியிலேயே தோற்றுவிடுகின்றன. காத்திரு அல்லது காசு கொடு என்று குழந்தையை நெருக்குகின்றன. 2006-இல் வந்த அந்தப் பழைய வட்டு ஒரு முறை விலை வாங்கிக்கொண்டு, முழு ஊரையும் கொடுத்துவிட்டது.

ஐந்தாவது கேள்வி உங்களுக்கு: நீங்கள் கூட உட்காருவீர்களா? விளையாட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால் பிள்ளை வெல்ல மட்டுமே கற்பான். ஏனென்றால் இயந்திரத்துக்குக் கற்பிக்கத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டாவது கன்ட்ரோலரை நீங்கள் கையில் எடுத்தால், நிற்கவும் கற்பான். இந்த விடுமுறையில் ஒரு மாலையையாவது அதற்கு ஒதுக்குங்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. உங்களுக்காக நின்று திரும்பி வரும் வாய்ப்பு உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும்.